சீரில் வந்த கணினி

பிப். 9, திங்கள்

காலையில் பனி. ஒன்பது மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். காரைக்குடியில் ஆத்தா வீட்டிலிருந்து டவுன் பஸ்ஸில் கண்டனூர், என் வீட்டுக்காரரின் பூர்வீக வீடு. அங்கே எனக்கென்று இருக்கும் அறையைத் திறக்கப் போனால் பூட்டு என் பூட்டு இல்லை.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கருப்பையா தலையைச் சொறிந்தார். "பழசு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு ஆச்சி. சின்னவுக மாத்தச் சொன்னாக."

சின்னவுக என்றால் நாச்சியப்பன். என் வீட்டுக்காரரின் தம்பி. புதுப் பூட்டு வாங்கினால் இரண்டு சாவி வரும். எனக்குக் கிடைத்தது ஒன்று. இன்னொன்று எங்கே என்று கேட்டேன். "இங்குட்டுத்தேன் எங்கயாச்சும் கெடக்கும்" என்றார். யார் சட்டைப் பையில் கிடக்கிறது என்று எனக்குத் தெரியாதா?

இனி நா. என்றே எழுதுகிறேன். முழுப் பெயர் எழுதினால் பேனா தாளைக் கிழிக்கிறது.

அறைக்குள் என் சீர்ச் சாமான். கல்யாணத்தில் பரப்பி வைத்துவிட்டு அப்படியே கொண்டுவந்து அடுக்கியது. அண்டா, குடம், தூக்குவாளி. எவர்சில்வர் அடுக்கு. புழங்காத காபி ஃபில்டர்கள். எலி பிறாண்டிய மெத்தை. மூலையில் போர்வைக்கு அடியில் கணினி.

எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருக்கிறது. சித. உமை. சிதம்பரம் மகள் உமையாள். என்னைப் பெற்ற ஆத்தா ஒரு கரண்டிக் காம்பைக்கூட விட்டுவைக்கவில்லை. கணினிப் பெட்டியின் முதுகுத் தகட்டிலும் அதே புள்ளி எழுத்து.

இப்போது பெயரை வைத்துத்தான் எல்லாம். வீட்டை ஹோட்டலுக்கு விடுகிறார்கள். பெயர் இருக்கும் சாமான் அவரவருக்கு. பெயர் இல்லாதது பொது, நா. கை வழியாகப் பழைய சாமான் கடைக்குப் போகிறது. முன்கட்டில் ஏற்கெனவே ஒரு குவியல் கிடக்கிறது.

கணினியில் பெயர் இருந்தும் வம்பை நானே இழுத்துக்கொண்டேன். போன மாதம் பங்காளிகள் கூடியபோது நா. ஆரம்பித்தான். அண்ணன் மனைவி என்பதால் நான் அவனுக்கு அண்ணமிண்டி. "அண்ணமிண்டி, அந்தப் பொட்டி ஒரு நாளும் ஓடுனதில்லையே. ரிசப்ஷன்ல வச்சா அழகா இருக்கும். திரைக்குள்ள இருக்கிறத எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி மீன் விடலாம்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓட வச்சுக் காட்டுறேன். ஓடலைன்னா தாராளமா மீன் விட்டுக்கங்க" என்று சொல்லிவிட்டேன். அத்தனை பேர் முன்னால். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

ஹோட்டல்காரர்கள் வருவது 17, செவ்வாய். அதற்குள் ஓட வேண்டும். ஓடினால் காரைக்குடியில் ஒரு கல்லூரி கேட்கிறது, பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும்படி வைப்பார்களாம். ஓடாவிட்டால் மீன்.

பிப். 10, செவ்வாய்

வெயில். தும்மல். பஸ்ஸில் நிற்க இடமில்லை.

பெட்டியின் மூடியைக் கழற்றினேன். தட்டைப் பெட்டி, ஒரு தாம்பாளம் அளவுதான். உள்ளே பல்லி முட்டை ஓடு, செத்த கரப்பான், தூசி. பெயின்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்தேன். கம்பி எதுவும் அறுந்திருக்கவில்லை. ஆனால் திருகாணி ஒன்று குறைந்தது. யாரோ திறந்திருக்கிறார்கள் என்று நினைத்து அரை மணி நேரம் கருப்பையாவை முறைத்துக்கொண்டிருந்தேன். திருகாணி என் சேலை மடிப்பில் இருந்தது.

கருப்பையா: "இதுல சினிமா வருமா ஆச்சி?"

வராது.

"பாட்டு?"

அதுவும் இல்லை. இது வொர்க்ஸ்டேஷன், விண்டோஸ் கிடையாது, யூனிக்ஸ், இன்ஜினியர்கள் வைத்து வேலை செய்வது என்றேன்.

"அப்ப இங்க எதுக்கு வந்துச்சு?"

நல்ல கேள்வி. நான் கேட்டதால் வந்தது. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, இன்ஜினியரிங் முடித்த கையோடு கல்யாணம். "வைரத்தைக் குறைச்சுக்கங்க அப்பச்சி, எனக்கு இது வேணும்" என்று கேட்டேன். அப்பா, எங்கள் வழக்கில் அப்பச்சி, சிங்கப்பூரிலிருந்து வரவழைத்தார். வீட்டிலிருந்தே ப்ரோகிராம் எழுதி வேலை பார்க்கலாம் என்பது என் திட்டம். கல்யாண வீட்டில் சாமான் பார்க்க வந்தவர்கள் டிவி என்று நினைத்து ரிமோட் எங்கே என்று கேட்டார்கள்.

ஸ்டெபிலைசர் வழியாகக் கரண்ட் கொடுத்தேன். விசிறி முனகியது. திரை மெல்ல வெளுத்து, கறுப்பு எழுத்து வந்தது. உயிர் இருக்கிறது! சந்தோஷத்தில் கருப்பையாவைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துப்போய்விட்டது. அதனால் தேதியும் தன்னுடைய அடையாள எண்ணும் அதற்கு மறந்துவிட்டன. ஒவ்வொரு தடவையும் கையால் தட்டிக் கொடுத்தால் போதும்.

மவுஸ் இருக்கிறது, மவுஸ் பலகை இல்லை. அந்தக் கால மவுஸ் சும்மா மேசையில் ஓடாது. கட்டம் போட்ட பளபளப்பான உலோகப் பலகை அடியில் வேண்டும். மெத்தைக்குள் வரை தேடினேன். நா. விற்றுவிட்டான் என்றே முடிவு கட்டிவிட்டேன். மத்தியானம் கருப்பையா டீ கொண்டுவந்து வைத்தார். டீச் சட்டிக்கு அடியில் பலகை.

"பேரு இல்லையே ஆச்சி. பொதுன்னு நெனச்சேன்."

திருப்பிப் பார்த்தேன். உண்மைதான், பெயர் இல்லை. அட்டை உறைக்குள் இருந்ததால் ஆத்தா கண்ணுக்குத் தப்பியிருக்கும். நடுவில் கரி வட்டம். சபீனா போட்டுத் தேய்த்தும் போகவில்லை. மவுஸ் அந்த வட்டத்துக்குள் வந்தால் மட்டும் திகைத்து நிற்கிறது.

வாங்க வேண்டியவை: பஞ்சு, ஸ்பிரிட், நல்ல எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஆத்தாவுக்கு முட்டி வலித் தைலம், எனக்கு ஒரு பூட்டு.

பிப். 11, புதன்

மேகமூட்டம். மழை வராது, புழுக்கம் மட்டும்.

இன்று யூனிக்ஸை ஏற்றிப் பார்த்தேன்; அது ஏறினால்தான் பெட்டி ஓடும்.

ஹார்ட் டிஸ்க் முதலில் சுற்றவில்லை. பக்கவாட்டில் விரலால் தட்டினேன், சுற்றியது. பிறகு, பெட்டியோடு வந்த யூனிக்ஸ் சிடி. இந்த டிரைவில் சிடியை அப்படியே போட முடியாது. ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் படுக்க வைத்து உறையோடு உள்ளே தள்ள வேண்டும். உறையிலிருந்து எடுத்து, மின்னும் பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. பழைய வேட்டித் துணியால் துடைத்துத் திரும்ப உறையில் வைத்தேன்.

தள்ளியதுமே வாசலில் நா. குரல். "அண்ணமிண்டி, ராகு காலத்துலயா ஆரம்பிப்பீக?"

நான் ஆரம்பித்தது இவனுக்கு எப்படித் தெரிந்தது? கருப்பையா சொல்லியிருப்பார். இல்லையென்றால் ஜன்னல்.

யூனிக்ஸ் கேள்வி கேட்க ஆரம்பித்தது. எந்த டிஸ்க், எப்படிப் பிரிப்பது, எதையெல்லாம் ஏற்றுவது. ஒவ்வொன்றுக்கும் விரல் தானாகப் போனது. இவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நானே நினைக்கவில்லை. நகல் எடுக்கத் தொடங்கியது. கோப்புப் பெயர்கள் ஒவ்வொன்றாக ஏறி ஏறி மறைந்தன. நா. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தான். போகச் சொல்லவும் முடியவில்லை.

பாதியில் நின்றது. படிக்க முடியவில்லை என்று ஒரு வரி. திரும்ப முயன்று, திரும்ப அதே வரி.

அதே கோப்பு. கல்யாணமான புதிதில் நின்ற அதே இடம். அந்தக் கோப்பின் பெயரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

நா. எழுந்து, "பரவால்ல அண்ணமிண்டி, ரொம்பப் பழசுல்ல" என்றான். மிகவும் அன்பாகச் சொன்னான். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்றைக்கு நடந்ததை எழுதிவிடுகிறேன். இதே அறை. மாமியார், வீட்டுக்காரர், பங்காளி வீட்டுப் பெண்கள் எல்லோரும் நின்று பார்க்க, பாதியில் நின்றது. எத்தனை தடவை போட்டாலும் அங்கேயே. யாரோ பின்னாலிருந்து "படிச்ச பொண்ணு" என்று இழுத்தார்கள். காரைக்குடியில் இதைத் தெரிந்தவர் யாரும் கிடையாது, சிங்கப்பூர்க் கடையிலிருந்து பதிலும் இல்லை. பிறகு சென்னை, பிள்ளைகள், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர் வேலை. நல்ல டீச்சர்தான். ஆனால் நான் ஆக நினைத்தது அது இல்லை.

அன்று முதல் எனக்கு மாமியார் மேல் சந்தேகம். சிடியை வெள்ளித்தட்டு என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் துலக்கியிருப்பார். தெரியாமல் செய்திருந்தால் பரவாயில்லை. தெரிந்தே செய்திருந்தால்? மருமகள் மெஷினைக் கட்டிக்கொண்டு உட்காருவது அவருக்குப் பிடிக்கவில்லை. இவருக்கும், என் வீட்டுக்காரருக்கும், இதில் பங்குண்டா என்று ஒரு நினைப்பு. யாரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை.

சாயங்காலம் இவரிடம் ஃபோனில் சொன்னேன். முட்டி ஆபரேஷன் முடிந்து சென்னையில் படுத்திருக்கிறார். எல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஓடலைன்னா விடு உமையா."

அன்றைக்கும் இதே வார்த்தை. இதே குரல். அப்போதே எனக்கு அந்தக் குரலில் ஏதோ இருப்பதாகப் பட்டது.

ஓட வேண்டும். ஒரே ஒரு தடவையாவது. நான் தப்பாகச் செய்யவில்லை என்று எனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பிப். 13, வெள்ளி

நேற்று எழுதவில்லை. தலைவலி. திரும்பத் திரும்பப் போட்டேன், திரும்பத் திரும்ப அங்கேயே நின்றது.

இன்று கல்லூரியிலிருந்து செல்வி வந்தாள். கணினித் துறை விரிவுரையாளர். நாற்பது வயது இருக்கும். சிவகங்கைப் பக்கம், வீட்டில் விவசாயம் என்றாள். உள்ளே வந்ததும் பெட்டியைப் பார்த்து, "மேடம், ஒத்தையிலயா இம்புட்டும் கழட்டி மாட்டுனீக?" என்று வியந்தாள். வியந்தபடியே ஃபோனில் படம் எடுத்தாள். மூடி, முதுகு, திரை, நான். இவள் எங்காவது கட்டுரை எழுதுவாள். அதில் என் பெயர் வராது.

சிடி போகட்டும் என்கிறாள். இந்த யூனிக்ஸின் நகல் இணையத்தில் கிடைக்கிறதாம். பழைய டிரைவ்கள் நாம் எழுதும் சிடியைச் சில நேரம் படிக்காதாம். அதனால் ஒரு சின்னப் பலகை வைத்திருக்கிறாள். அதில் மெமரி கார்டைச் செருகிவிட்டால், இந்த மெஷின் அதையே தன் டிஸ்க், தன் சிடி டிரைவ் என்று நம்பிவிடுமாம்.

வேண்டாம் என்றேன். எவனோ ஏற்றிய நகல். உள்ளே என்ன வைத்திருக்கிறானோ. சிங்கப்பூரிலிருந்து அப்பச்சி வரவழைத்த ஒரிஜினல் கையில் இருக்கும்போது எதற்கு?

"ஒரிஜினல் படிக்கலையே மேடம்."

"டிரைவ் சரியில்ல. டிரைவைத்தான் பாக்கணும்."

"சரி, எங்க லேப்ல பழைய டிரைவ் ஒண்ணு கெடக்கு. நாளைக்குக் கொண்டாரேன், மாத்திப் பாப்போம்" என்றாள். சட்டென்று ஒத்துக்கொண்டது ஏன்?

அவள் போனதும் நா. வந்தான், கூடவே பழைய சாமான் கடைக்காரர். டேப் எடுத்துத் திரையை அளந்தார்கள். நீளம், அகலம், ஆழம். நான் நிற்கிறேன் என்ற நினைப்பே இல்லை. "தங்கமீன் நல்லாருக்கும்" என்றார் கடைக்காரர். இன்னும் செவ்வாய் வரவில்லை என்றேன். நா. "சும்மா அளவுக்குத்தான் அண்ணமிண்டி" என்று சிரித்தான்.

போன பிறகு சிடியைக் கைப்பையில் போட்டு ஆத்தா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். இரண்டாவது சாவி இருக்கும்வரை அந்த அறையில் எதையும் வைக்க முடியாது.

ராத்திரிக்கு இடியாப்பம். ஆத்தா, "ஏன் மூஞ்சி வாடியிருக்கு?" என்றார். வெயில் என்றேன்.

பிப். 14, சனி

நல்ல வெயில். செல்வி வருவதற்குள் பெருக்கி வைத்தேன்.

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

அவள் கொண்டுவந்த டிரைவை மாட்டினோம். சிடியை உறையோடு தள்ளினோம். அதே கோப்பில் நின்றது. டிரைவ் மேல் இருந்த என் சந்தேகம் போனது. அடுத்து யார் மேல் வைப்பது என்று யோசித்தபடி கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தேன். செல்வி உறையைத் திறந்து சிடியை எடுத்தாள். எல்லோரும் பார்ப்பது மாதிரி மின்னும் பக்கத்தைப் பார்க்காமல், மேல் பக்கத்தைப் பார்த்தாள்.

"மேடம், இதுல என்ன புள்ளி புள்ளியா இருக்கு?"

"அது பேரு வெட்டுனது" என்றேன், நிமிரக்கூட இல்லை.

"சிடியிலயா?"

"எங்கள்ல எல்லாச் சாமான்லயும் வெட்டுவோம். கரண்டியில இருந்து..."

சொல்லும்போதே நிமிர்ந்தேன்.

கம்பியைக் கீழே போட்டுவிட்டுச் சிடியை வாங்கினேன். ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். புள்ளி ஒவ்வொன்றிலும் வெயில் ஊசி மாதிரி உள்ளே வந்தது. சித. உமை. ஓரத்திலிருந்து பாதி தூரம் வரை, அழகான கையெழுத்து.

இந்தச் சிடியை நான் எத்தனை தடவை கையில் எடுத்திருப்பேன். அந்தப் புள்ளிகள் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்திருக்கின்றன. டம்ளரில் இருப்பது போல, தட்டில் இருப்பது போல, இதிலும் இருந்தது. பிறந்ததிலிருந்து பெயர் வெட்டிய சாமானில் சாப்பிட்டு வளர்ந்தவளுக்கு அது தப்பாகவே படவில்லை. சிடியில் தகவல் இருப்பது மின்னும் பக்கத்தில் இல்லை, மேல் பூச்சுக்கு உடனே கீழே. நடுவிலிருந்து வெளியே படித்து வரும் டிரைவ், பெயர் வெட்டிய இடம் வந்ததும் நின்றிருக்கிறது. மேல் பக்கத்தைத்தான் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வருடா வருடம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான்.

செல்வி சிரிப்பை அடக்கிக்கொண்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்து அதையும் நிறுத்திவிட்டாள். "உக்காருங்க மேடம்" என்று தண்ணீர் கொடுத்தாள். எவர்சில்வர் டம்ளர். அதிலும் சித. உமை.

நான் தப்பாகச் செய்யவில்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அதை நினைத்துச் சந்தோஷப்பட வேண்டும். இன்னும் வரவில்லை.

மாமியார் துலக்கவில்லை. கூடத்தில் அவர் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். படத்தில் எப்போதும் போல முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

பிப். 15, ஞாயிறு. சிவராத்திரி

கண்டனூர் போகவில்லை. கருப்பையா மாசிக் களரிக்குக் குலதெய்வம் கோயிலுக்குப் போய்விட்டார். ஆத்தா விரதம். எண்பது தாண்டியும் விடுவதில்லை. டிவியில் கோயில் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தைக் குறைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். நேராகக் கேட்காமல், "என் சாமான்லாம் யாரு ஆத்தா பேரு வெட்டுனது?" என்று ஆரம்பித்தேன். கேட்கவே காத்திருந்தவர் மாதிரி முகம் மலர்ந்தது.

"வெட்டுறவர வீட்டுக்கே வரச்சொல்லிட்டேன். பத்து நாளு இங்கனயே வேல. ஒண்ண விடல."

"கம்ப்யூட்டர்லயும் வெட்டுனீகளா?"

"பின்ன? அதுலதான மொத வெட்டுனது. ஒங்க அப்பச்சி சொன்னாக, இந்தப் பொட்டியவிட இது கூட வந்த தட்டுதான் முக்கியம், அது இல்லைன்னா பொட்டி வெறும் தகரம்னு. பாத்தா வெள்ளித்தட்டு கணக்கா மின்னுது. அம்புட்டு முக்கியமானத பேரு இல்லாம அனுப்புவனா? நாளைக்கு ஒருத்தி என்னதுன்னு எடுத்துக்கிட்டா?"

டிவி சத்தத்தை இன்னும் குறைத்தேன்.

"தட்டு மெல்லிசா இருந்துச்சு. ஓட்ட விழுந்திரப் போகுது, பைய வெட்டுங்கன்னு பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். மின்னுற பக்கம் வேணாம், சொரண்டிப் போகும், மேல வெட்டுங்கன்னேன். அழகா வந்துச்சுல்ல?"

"அழகா வந்திருக்கு ஆத்தா."

"எதுக்குக் கேக்குற?"

பார்வையில் ஒரு கூர்மை. சந்தேகப்படுவது எனக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. சும்மா கேட்டேன், எழுத்து இன்னும் அழியவில்லை என்றேன். சொல்லவில்லை. இனியும் சொல்லமாட்டேன். எழுந்து சமையல்கட்டுக்குப் போய், வேலை இல்லாத இடத்தில் நின்றேன்.

கோபம் வந்தது என்றுதான் எழுத வேண்டும். ஆத்தா மேல். இவ்வளவு வருடம், அந்த வேலை, அந்தச் சிரிப்பு. அப்புறம் அவர் அந்த ஆளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "பைய, பைய" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நினைத்தேன். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

இவருக்கு ஃபோன் செய்து எல்லாம் சொன்னேன். முழுக்கக் கேட்டார். அப்புறம் சிரித்தார். இத்தனை நாளாகக் கேட்காததைக் கேட்டுவிட்டேன்: அன்றைக்கு ஏன் விடு என்றீர்கள்?

"நீ அழுதுக்கிட்டே இருந்த. எனக்கு அத சரிபண்ணத் தெரியல. வேற என்ன சொல்றது?"

இருக்கலாம்.

செல்விக்கு மெசேஜ்: நாளை அந்தப் பலகையைக் கொண்டுவரவும். எவனோ ஏற்றிய நகலையும்.

பிப். 16, திங்கள்

பனி இல்லை. காற்று.

அறை திறந்து கிடந்தது. பூட்டில் சாவி தொங்கியது. என் சாவி என் பையில். உள்ளே நா.!

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். மெஷின் முன்னால் குனிந்து எதையோ செருகிக்கொண்டிருந்தான். பார்த்தால் டேபிள் ஃபேன். "பெட்டி சூடாகுதாம், ஃபேன் வச்சுக் குடுன்னு அண்ணன் காலையில ஃபோன் பண்ணாக" என்றான். நெற்றியெல்லாம் வியர்வை.

"அந்தச் சாவியக் குடுங்க."

கொடுத்துவிட்டான். உடனே கொடுத்தான். வேறு இன்னொரு சாவி செய்து வைத்திருப்பானோ?

செல்வி வந்தாள். பலகையை மாட்டினோம், கட்டைவிரல் நகம் அளவு கார்டு. மெஷின் அதை டிஸ்க் என்றே நம்பியது. எனக்கு இருக்கும் சந்தேகப் புத்தி அதற்கு இல்லை.

மறுபடியும் கேள்விகள். தேதி கேட்டது. இந்த வருடத்தைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. அது வந்த காலத்தில் இவ்வளவு தூரம் யாரும் யோசிக்கவில்லை போல. என் கல்யாண வருடத்தைக் கொடுத்தேன். உடனே எடுத்துக்கொண்டது.

பிறகு மெஷினுக்கு என்ன பெயர் என்று கேட்டது. செல்வி, "என்ன வைக்கப் போறீக மேடம்?" என்றாள். பெட்டியின் முதுகில் இருப்பதையே ஆங்கில எழுத்தில் அடித்தேன்.

நகல் தொடங்கியது. கோப்புகள் ஏறின. அந்தக் கோப்பு வந்தபோது செல்வி என் கையைப் பிடித்தாள், அல்லது நான் அவள் கையை. நா. ஃபேனைக் கொஞ்சம் அங்குட்டுத் திருப்பினான். கோப்பு ஏறி மறைந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்தது. நிற்கவே இல்லை.

அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். தானாக எழுந்து, என் பெயரைக் காட்டி, உள்ளே வரலாமா என்று கேட்பது போலக் காத்து நின்றது. நான் தட்டினேன். உள்ளே போனேன்.

நன்றாக அழுதேன். எழுதி வைக்கிறேன், இருக்கட்டும்.

ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதினேன். இரண்டு எண்ணைக் கூட்டுவது. கூட்டியது சரியாக இருந்தது. சந்தேகத்தில் கையாலும் கூட்டிப் பார்த்தேன்.

பிப். 17, செவ்வாய்

வெயில். அறை நிறைய ஆட்கள். ஹோட்டல்காரர்கள், பங்காளிகள், களரி முடிந்து கருப்பையா. டேப்போடு அந்தக் கடைக்காரரும்.

நா. எல்லோருக்கும் முன்னால் நின்று, "எங்க அண்ணமிண்டி இன்ஜினியரு. தனியா ஒக்காந்து ஓட வச்சாக" என்று பெருமையடித்தான். மீனைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த மூச்சில், "ஓடுற மெஷினுன்னா ரிசப்ஷன்ல இன்னும் நல்லாருக்கும்ல?" என்றான். அதானே பார்த்தேன். வியாழக்கிழமை கல்லூரி வண்டி வருகிறது என்றேன். அதுவரை சாவி இரண்டும் என்னிடம்.

செல்வி கேட்டாள், கல்லூரியில் மெஷின் பக்கத்தில் அந்தச் சிடியையும் வைக்கலாமா என்று. பிள்ளைகள் பார்த்துச் சிரிப்பார்கள், நல்ல பாடம் என்றாள். மாட்டேன் என்றேன். அது என்னுடையது, பெயர் இருக்கிறது.

எல்லோரும் போனதும் ஆத்தாவுக்கு வீடியோ கால் போட்டுத் திரையைக் காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"ஓடுதா?"

"ஓடுது ஆத்தா."

"அந்த வீட்டுல பேரு இல்லாத சாமான் ஒண்ணாச்சும் மிஞ்சுச்சா? எல்லாம் கடைக்குப் போச்சுல்ல?"

"போச்சு."

"பேரு வெட்டி அனுப்புனதுனாலதான் இன்னைக்கு ஒங் கையில ஓடுது. அன்னைக்கு எல்லாரும் சிரிச்சாக, தட்டுலயெல்லாம் பேரான்னு. இப்பச் சொல்லு."

நான் பையிலிருந்த சிடியைத் தொட்டுக்கொண்டேன். புள்ளிகள் விரலில் பட்டன.

"ஆமாத்தா. அதுனாலதான்."

ஃபோனை வைத்த பிறகு கண்ணீர் வந்தது, நிற்கவில்லை. கருப்பையா வாசலில் நின்று அந்தப் பக்கம் திரும்பி எதையோ துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அங்கே ஒன்றுமே இல்லை.